சம்பளக் கணக்கை மொபைலுக்கு மாற்றுவது எப்படி: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

மாதச் சம்பளக்காரர், மணிக்கணக்கில் வேலை செய்பவர், பீஸ் ரேட்டில் (செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு) உழைப்பவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், தேவைப்படும்போது மட்டும் வந்து போகும் ஒப்பந்தக்காரர் என்று எல்லா வகையினரும் இப்போது ஒரே நிறுவனத்தில் இருக்கிறார்கள். 'இனிமேல் வருகை, லீவு, பே ஸ்லிப் எல்லாம் மொபைலிலேயே' என்று நிர்வாகம் முடிவெடுத்து, அந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் ஆப்பை வாங்கிவிடுகிறார்கள். வாங்கியபின் அதிலுள்ள கட்டங்களை நிரப்பும்போதுதான் 'எத்தனை நிமிடத் தாமதம் வரை விடலாம்?', 'மதிய இடைவேளையைக் கழிக்கலாமா?' என்ற கேள்விகள் வருகின்றன. கேட்க ஆள் இருக்காது, நேரமும் இருக்காது. ஆப் தானாகக் காட்டும் தேர்வையே வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் நிறுவனத்தை ஒரு நாளும் பார்த்திராத ஒருவர் வைத்த விதிதான் அந்த நொடியிலிருந்து உங்கள் ஆட்களின் சம்பளத்தை முடிவு செய்கிறது.

முன்பெல்லாம் அனுபவமுள்ள ஒரு கணக்காளர் மாதக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டி, முரண்பாடுகளைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார். மொபைலில் பஞ்ச் அடித்ததுமே, அதாவது வந்த நேரத்தையோ போன நேரத்தையோ பதிந்ததுமே, கணக்கில் பாதி முடிந்துவிடுகிறது. கடைசியில் செய்த யோசனையை இப்போது முதலிலேயே செய்தாக வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான், அதை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று சம்பளச் சுழற்சிகளின் (ஒரு சம்பளத்திலிருந்து அடுத்த சம்பளம் வரையிலான காலம் ஒரு சுழற்சி) இறுதிப் பட்டியல் வேண்டும். வங்கிக்குப் போன கோப்பும் அதனுடன் இருக்க வேண்டும், ஏனென்றால் பட்டியலுக்கும் உண்மையில் போன பணத்துக்கும் இடையே கடைசி நேரத் திருத்தங்கள் ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு வகைப் பணியாளருக்கும் ஓர் ஒப்பந்த நகல், லீவு விதிகள், ஓவர்டைம் விதிகள், நடப்பு வரி ஆண்டில் இதுவரை ஒவ்வொருவருக்கும் கொடுத்த தொகை, பிடித்த தொகை ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர். விதிகளில் சந்தேகம் வரும்போது 'இப்படித்தான்' என்று கையெழுத்துப் போடக்கூடியவர் யார் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இது இல்லாமல் தொடங்கும் திட்டம் இரண்டாவது படியிலேயே நின்றுவிடும்.

1. யாருக்கு எந்தக் கணக்கு என்று பிரியுங்கள்

ஆட்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: சம்பளம் எதை வைத்துக் கணக்காகிறது (மாதம், மணி, எண்ணிக்கை, வேலை முடிப்பு), எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த ஊரின் சட்டப்படி.

துறைவாரியாகப் பிரிக்காதீர்கள். ஒரே துறையில் மாதச் சம்பளக்காரரும் மணிக்கணக்குக்காரரும் இருப்பார்கள். ஒரே ஆள் பகலில் ஒரு விகிதத்திலும் இரவில் வேறு விகிதத்திலும் வேலை செய்வார். ஆளுக்கு ஒரு விகிதம் மட்டுமே வைக்க முடிகிற ஆப் உங்களுக்குப் பொருந்துமா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தக்காரர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 'எல்லோரும் ஒரே ஆப்பில் இருக்கட்டும், வசதி' என்று அவர்களுக்கும் ஷிப்ட் போட்டு, லேட் குறித்து, லீவுக்கு ஒப்புதல் கேட்க வைத்தால், பெயரில் மட்டும்தான் அவர் ஒப்பந்தக்காரர். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்தபோது, ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட நடைமுறையில் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதையே பார்த்தது. தங்கள் பகுதிக்குள் ஆப்பைத் திறந்து வைத்து, சவாரிக்குத் தயாராக இருந்த நேரமும் வேலை நேரமே என்றது. ஒரு லாகின் பதிவு சம்பளக் கணக்காக மாறுகிற காலம் இது. ஒப்பந்தக்காரர்களுக்கு வேலை முடிப்பும் பில்லும் மட்டும் உள்ள தனி வழி வையுங்கள். அப்படி வைக்க முடியவில்லை என்றால், அவர் உண்மையில் ஒப்பந்தக்காரர்தானா என்று சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களையும் தனியாகக் குறியுங்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளிலும் வரி விழாமலிருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தங்கள் பலவற்றில் 183 நாள் என்ற வரம்பு உண்டு. '183 நாளுக்குள் இருந்தால் அங்கே வரி இல்லை' என்று அதைச் சுருக்கிப் புரிந்துகொள்வது பரவலான தவறு. சம்பளம் கொடுப்பவர் எந்த நாட்டவர், அந்தச் செலவை யார் ஏற்கிறார் என்ற நிபந்தனைகளும் சேர்ந்தே வரும். சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் அதற்கும் அப்பால் வேறொரு கணக்கு.

2. விதிகளை உதாரணத்தோடு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கேட்கும் படி இதுதான். இங்கே மிச்சம் பிடித்த ஒவ்வொரு மணி நேரத்தையும் பின்னால் தகராறுகளில் செலவழிக்க நேரும்.

'தாமதமாக வந்தால் பிடித்தம் உண்டு' என்பது மனிதர்களுக்குப் போதும், மென்பொருளுக்குப் போதாது. எத்தனாவது நிமிடத்திலிருந்து, எவ்வளவு, மாதத்தில் எத்தனை முறை வரை மன்னிப்பு என்று எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே ஓர் உதாரணம் போட்டு, வர வேண்டிய விடையைக் கையால் கணக்கிட்டு எழுதிவிடுங்கள். இதே உதாரணங்கள் 4-வது படியில் ஆப்பைச் சோதிக்கும் வினாத்தாளாகப் பயன்படும்.

கட்டாயம் எழுத வேண்டிய சில விதிகள்:

நாள் சம்பளம். மாதச் சம்பளம் 30,000. பிப்ரவரியில் ஒருவர் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறார். 28-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,071.43, 30-ஆல் வகுத்தால் 1,000, 26 வேலை நாட்களால் வகுத்தால் 1,153.85. மூன்றுமே உலகில் புழக்கத்தில் உள்ள முறைகள்தான். நீங்கள் தேர்ந்தெடுத்தது எது என்பதும், பாதி மாதத்தில் சேர்பவருக்கும் விலகுபவருக்கும் அதே வகுஎண்தானா என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

நிமிடங்களை முழுமையாக்குதல் (ரவுண்டிங்). 15 நிமிடத்துக்கு முழுமையாக்கும் ஆப்பில் ஒருவர் காலை 8:53-க்கு வந்து மாலை 6:07-க்குப் போகிறார். ஆப் அதை 9:00 முதல் 6:00 வரை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 14 நிமிடம் காணாமல் போகிறது, 22 வேலை நாளில் 5 மணி 8 நிமிடம். அமெரிக்கக் கூட்டாட்சி விதி 5 நிமிடம், மணியில் பத்தில் ஒரு பங்கு, கால் மணி என்று முழுமையாக்குவதை அனுமதிக்கிறது. ஆனால் நாளடைவில் அது பணியாளருக்கு நஷ்டமாகிவிடக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. என்னைக் கேட்டால், மொபைல் நிமிடம் வரை துல்லியமாகப் பதியும்போது முழுமையாக்கவே வேண்டாம். கையால் கூட்டிய காலத்துச் சலுகை அது. இன்றைக்கு அதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட். சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரை. ஞாயிறு வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்றால், முழு எட்டு மணி நேரமும் சனிக்கிழமையைச் சேர்ந்ததா, இல்லை இரண்டு மணி நேரம் சனி, ஆறு மணி நேரம் ஞாயிறா? கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் நாடுகளில் வருடத்துக்கு ஒரு இரவு இதே ஷிப்ட் 7 மணி நேரமாகவும், இன்னொரு இரவு 9 மணி நேரமாகவும் ஆகும். அதற்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வாரத்தின் நடுவே வரும் கட்-ஆஃப், அதாவது ஒரு சுழற்சியின் கணக்கை முடிக்கும் நாள். வார வரம்பு 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃப் புதன்கிழமை. புதன் வரை ஒருவர் 30 மணி நேரம் வேலை செய்திருக்கிறார், மீதி நாட்களில் 18. வாரம் முடியும்போது மொத்தம் 48, ஓவர்டைம் 8. கட்-ஆஃபில் வாரத்தை வெட்டிவிடும் ஆப்புக்கு இந்த 8 தெரியவே தெரியாது, 30-ஐயும் 18-ஐயும் தனித்தனியாகப் பார்த்து 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சொல்லிவிடும். வாரம் எந்தச் சுழற்சியில் முடிகிறதோ அதில் ஓவர்டைமைச் சேர்ப்பது என்று எழுதுங்கள். இந்த ஓட்டை வெளியே தெரியாது. பணியாளர் தானே டைரியில் குறித்து வைத்திருந்தால்தான் கண்டுபிடிப்பார், அப்படி ஒருவர் கண்டுபிடிக்கும்போது ஆண்டுக்கணக்கான நிலுவை சேர்ந்திருக்கும்.

சுழற்சியின் எண்ணிக்கை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் என்றால் பெரும்பாலான ஆண்டுகளில் 26 சம்பளம், சில ஆண்டுகளில் 27. ஆண்டுச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து வைத்திருந்தால் 27-வது சம்பளத்தை என்ன செய்வது என்பதை அந்த ஆண்டு வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பல நாணயங்களில் கொடுப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் இல்லை. ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம். எங்கே முழுமையாக்குவது என்பதை நாணயத்துக்கு நாணயம் எழுதுங்கள்.

3. பணியாளர் விவரங்களைச் சுத்தம் செய்யுங்கள்

பழைய எக்செல் கோப்பை அப்படியே ஆப்பில் ஏற்ற வேண்டாம். ஏற்றியபின் திருத்துவது மூன்று மடங்கு வேலை, ஏனென்றால் தவறான விவரத்தின் மேல் வருகையும் லீவும் பதிவாகத் தொடங்கிவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எக்செல் அதை எண் என்று நினைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கிவிடும். 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் நடுவில் ஆங்கில 'E' எழுத்தோடு சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்தைத் தாண்டினால் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாகவே மாற்றிவிடும், அது திரும்பக் கிடைக்காது. ஆகவே கோப்பைத் திறக்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வகையாக அமைத்து இறக்குமதி செய்யுங்கள். இரட்டைக் கிளிக் செய்து திறந்துவிட்டுப் பிறகு வகையை மாற்றுவதில் பயனில்லை, அதற்குள் சேதம் நடந்திருக்கும்.

அடுத்தது தேதி. 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, மணி நேரத்தின் வடிவம். 7 மணி 45 நிமிடம் என்பது தசமத்தில் 7.75. அதை 7.45 என்று எழுதிய பதிவேடுகளைச் சகஜமாகப் பார்க்கலாம். நாளுக்கு 18 நிமிடம் இதில் தொலைகிறது. பழைய பதிவேட்டில் புள்ளிக்குப் பின்னால் 59-ஐத் தாண்டிய எண்ணே வரவில்லை என்றால், அது தசமம் இல்லை, நிமிடம்தான் என்று சந்தேகப்படுங்கள்.

மொபைல் எண்ணைப் பணியாளரின் அடையாளமாக வைக்காதீர்கள். எண் மாறும், கைமாறும், கணவனும் மனைவியும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவார்கள். மாறாத பணியாளர் எண் ஒன்று இருக்கட்டும், மொபைல் எண் அதோடு இணைந்த விவரமாக மட்டும் இருக்கட்டும்.

4. வருகைப் பதிவுக்கான வழியை இப்போது தேர்ந்தெடுங்கள்

ஆப் வாங்கும் நேரம் இப்போதுதான் வருகிறது. உங்கள் கையில் விதிகளும் உதாரணங்களும் இருக்கின்றன. விற்பனையாளர் காட்டும் டெமோவைப் பார்த்துக்கொண்டிருக்காமல், 'இந்த உதாரணத்தை உங்கள் ஆப்பில் போட்டு விடை காட்டுங்கள்' என்று கேளுங்கள். கட்-ஆஃப் உதாரணத்தையும் நள்ளிரவு உதாரணத்தையும் முதலில் கொடுங்கள். அதிலேயே பாதிப் பேர் வடிகட்டப்படுவார்கள்.

பதியும் வழியை இடத்துக்கு ஏற்பப் பிரியுங்கள். ஒரே வாசல் வழியாக நூறு பேர் வரும் இடத்தில் சுவரில் மாட்டிய டேப்லெட் போதும், ஒவ்வொருவரின் போனையும் நம்பத் தேவையில்லை. பல இடங்களுக்குப் போய் வேலை செய்பவர்களுக்குச் சொந்தப் போனும் இருப்பிடப் பதிவும் பொருந்தும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இருப்பிடமே தேவையில்லை, தொடக்க நேரமும் முடிவு நேரமும் போதும்.

இருப்பிட எல்லை வைக்கும்போது மிகச் சிறிய வட்டம் போடுவது வழக்கமான தவறு. திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் கட்டடத்துக்கு உள்ளேயும் அது பல மடங்கு விலகும். நிலத்தடித் தளத்தில் வேலை செய்பவருக்குச் சிக்னலே கிடைக்காது. 20 மீட்டர் வட்டம் போட்டுவிட்டு, உள்ளே நிற்பவரை 'எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்' என்று ஆப் திருப்பி அனுப்பினால், அன்றைக்கே அவருக்கு ஆப் மேல் நம்பிக்கை போய்விடும். வட்டத்தைத் தாராளமாகப் போடுங்கள். வெளியே இருந்து வரும் பஞ்சையும் தடுக்காமல் ஏற்றுக்கொண்டு, சரிபார்ப்புக்கு என்று குறியிடுங்கள். ஆள் வேலைக்கு வந்ததை மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்திருப்பார், போனின் சிக்னல் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று கேளுங்கள். போனின் கடிகாரத்தை யாரும் மாற்றலாம், ஆகவே சர்வர் நேரம் பதிவாக வேண்டும். நெட் இல்லாத இடத்தில் அடித்த பஞ்ச் போனில் சேமிக்கப்பட்டுப் பின்னால் வந்து சேரும்போது, அடித்த நேரம், வந்து சேர்ந்த நேரம் என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பொய்யான இருப்பிடம் காட்டும் வசதி ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு, அதை ஆப் கண்டறிந்து சொல்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். பஞ்ச் அடிக்கும் நொடியில் இருப்பிடத்தை எடுப்பது ஒன்று, நாள் முழுக்கப் பின்தொடர்வது வேறு. சம்பளக் கணக்குக்கு முதலாவது போதும். முடியும் என்பதற்காக இரண்டாவதை இயக்கி வைக்காதீர்கள். முகம், கைரேகை போன்றவற்றை ஆளை அடையாளம் காணப் பயன்படுத்துவதை, 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது. ஒரு பின் எண் (ரகசிய இலக்க எண்) போதுமென்றால் பின் எண்ணோடு நில்லுங்கள்.

அதே நேரம், நம்பகமான பதிவு ஒன்று வேண்டும் என்பதில் சமரசம் வேண்டாம். அன்றாட வேலை நேரத்தை அளக்கும் புறவயமான, நம்பத்தக்க, எளிதில் அணுகக்கூடிய முறையை நிறுவனங்கள் வைத்திருப்பதை உறுப்பு நாடுகள் கட்டாயமாக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 மே மாதம் தீர்ப்பளித்தது. பதிவு இல்லாவிட்டால் நஷ்டப்படுபவர் முதலில் பணியாளர்தான், தான் உழைத்த கூடுதல் நேரத்தை நிரூபிக்க அவரிடம் வேறு வழி இருக்காது.

ஸ்மார்ட்போன் இல்லாதவர், போன் உடைந்தவர், சார்ஜ் தீர்ந்தவர் ஆகியோருக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். ஒரு பொது டேப்லெட்டோ மேற்பார்வையாளர் போட்டுக்கொடுக்கும் பதிவோ போதும். போன் இல்லை என்பதற்காக யாருடைய ஒரு நாள் சம்பளமும் போகக் கூடாது.

5. திருத்தமும் ஒப்புதலும் எப்படி நடக்கும் என்று முடிவு செய்யுங்கள்

பஞ்ச் அடிக்க மறப்பது தினமும் நடக்கும். அதைக் குற்றமாகப் பார்க்காமல், திருத்த ஒரு நேர்வழி கொடுங்கள்: பணியாளர் ஆப்பிலேயே காரணம் எழுதிக் கேட்கிறார், மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்கிறார், கணக்குப் பிரிவு பார்க்கிறது.

இதில் ஒரே ஒரு விதி கறாராக இருக்க வேண்டும். பழைய பதிவு அழியக் கூடாது. முதலில் என்ன இருந்தது, யார் மாற்றினார், எப்போது, ஏன் என்ற நான்கும் அடியில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் தன் ஆட்களின் நேரத்தைச் சத்தமில்லாமல் குறைக்க முடிகிற ஆப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நேரம் மாற்றப்பட்டால் பணியாளரின் போனுக்கு உடனே தகவல் போக வேண்டும்.

ஒப்புதலை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று யாருக்கும் நினைவிருக்காது, மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் ஒரே தட்டலில் ஒப்புக்கொண்டுவிடுவார். வாரம் ஒரு முறை, அதுவும் அவர் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்துக்கு முன்பாக நினைவூட்டல் போகும்படி வையுங்கள்.

கட்-ஆஃபுக்குப் பின் வரும் திருத்தங்கள் அடுத்த சுழற்சியில் நிலுவையாகப் போகும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒருவருக்குச் சம்பளத்தில் பெரிய பகுதியே குறைந்திருந்தால், அடுத்த சுழற்சி வரை காத்திருக்கச் சொல்லாமல் தனிப் பட்டியல் போட்டு உடனே கொடுங்கள். அவர் வாடகை கட்ட வேண்டிய தேதி உங்கள் கட்-ஆஃபுக்காக நிற்காது.

6. பணம் போகும் பாதையைப் பூட்டுங்கள்

வங்கிக் கணக்கு விவரத்தைப் பணியாளரே ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நல்ல வசதி. மோசடிக்காரர்களுக்கும் அதே வசதிதான். போலி மின்னஞ்சலால் பணியாளரின் லாகினைப் பறித்து, சம்பளம் போகும் கணக்கை மாற்றிவிடும் மோசடி குறித்து அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2018-லேயே எச்சரித்தது. சம்பளம் வரவில்லை என்று ஆள் வந்து கேட்கும்போதுதான் விஷயம் தெரியும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

அதனால் கணக்கு மாற்றத்துக்கு மூன்று தடைகள் வையுங்கள். மாற்றியதும் பழைய எண்ணுக்கும் பழைய மின்னஞ்சலுக்கும் தகவல் போக வேண்டும். கட்-ஆஃபுக்கு முந்தைய சில நாட்களில் கேட்கும் மாற்றம் அடுத்த சுழற்சியில்தான் நடப்புக்கு வர வேண்டும். மாற்றம் கேட்டவரை ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கோரிக்கையிலேயே ஒரு போன் எண் கொடுத்து 'இதில் கூப்பிடுங்கள்' என்றிருந்தால், அந்த எண்ணில் கூப்பிடாதீர்கள்.

உழைத்த சம்பளத்தை மாதம் முடியும் முன்பே ஆப்பில் எடுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்க்கச் சொல்லி நிர்வாகம் கேட்கலாம். அவசரத்துக்குக் கந்துவட்டிக்குப் போகாமல் காப்பாற்றும் என்பதால் நல்லதுதான், ஆனால் சம்பளக் கணக்கு குறைந்தது ஓரிரு சுழற்சி ஒழுங்காக ஓடியபின் சேருங்கள். முன்கூட்டி எடுக்கும் தொகை, ஒப்புக்கொள்ளப்பட்ட மணி நேரத்திலிருந்து மட்டும் வர வேண்டும். ஒப்புதல் ஆகாத நேரத்துக்குப் பணம் போய்விட்டு, பின்னால் அந்த நேரம் திருத்தப்பட்டால் நிகரச் சம்பளம் (பிடித்தங்கள் போகக் கையில் வருவது) பூஜ்யத்துக்குக் கீழே போகும். வரியும் மற்றப் பிடித்தங்களும் போக மீதம் எவ்வளவு என்று பார்த்து, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதியுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் இருந்தால் அதை யார் தருகிறார் என்று பாருங்கள். சிறு தொகைகளை அடிக்கடி எடுக்கும் ஒருவருக்குக் கட்டணம் மட்டுமே கணிசமாகச் சேர்ந்துவிடும். முடிந்தால் நிறுவனமே அதை ஏற்கட்டும்.

7. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கமாக ஓட்டுங்கள்

பழைய முறையில் சம்பளம் கொடுத்துக்கொண்டே, அதே சுழற்சியைப் புதிய முறையிலும் கணக்கிடுங்கள். குறைந்தது இரண்டு சுழற்சி. ஒரு விடுமுறை நாள், ஒருவர் சேர்ந்தது, ஒருவர் விலகியது, ஒரு சம்பள உயர்வு ஆகியவை அதற்குள் வருவது நல்லது. எதுவும் நடக்காத அமைதியான மாதத்தில் சோதித்தால் எதுவும் தெரியவராது.

ஆளுக்கு ஆள் நிகரச் சம்பளத்தை ஒப்பிடுங்கள். மொத்தத் தொகை பொருந்துகிறது என்று நிறுத்திவிடாதீர்கள், ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிடும். வித்தியாசம் வந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்: பழையது தவறா, புதியது தவறா, விதியே தெளிவில்லையா? பழையதுதான் தவறு என்று தெரியவரும் இடங்களும் இருக்கும். பணியாளருக்கு வர வேண்டியது குறைந்திருந்தால் நிலுவையைக் கணக்கிட்டு நிர்வாகத்திடம் அப்போதே வையுங்கள்.

வரி ஆண்டின் நடுவில் மாறுகிறீர்கள் என்றால், இதுவரை கொடுத்தது, பிடித்தது, மீதமுள்ள லீவு, நிலுவையில் உள்ள அட்வான்ஸ் ஆகியவற்றைத் தொடக்க இருப்பாக ஏற்ற வேண்டும். இதை விட்டால் மென்பொருள் எல்லோரையும் இன்றைக்குச் சேர்ந்தவர்களாக நினைத்து வரியைக் குறைத்துப் பிடிக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் மொத்தமாகப் பிடிக்க நேர்ந்து, எல்லோர் கையிலும் குறைந்த சம்பளம் வரும்.

8. ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்

பெரிய கூட்டம் போட்டுத் திரையில் காட்டுவது அவ்வளவு பலன் தராது. அவரவர் போனில், அவரவர் கையால் ஒரு முறை பஞ்ச் அடித்து, ஒரு லீவு கேட்டு, ஒரு திருத்தம் போடச் செய்யுங்கள். பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு சில போன்களில் ஆப்பைப் பின்னணியில் முடக்கிவிடும், அதையும் அப்போதே சரிசெய்துவிடலாம். ஆப் அவர்கள் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பே ஸ்லிப் சின்னத் திரையில் படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே கையில் வரும் தொகை, அதன் கீழே வேலை செய்த நேரம், விகிதம், ஓவர்டைம், அப்புறம் ஒவ்வொரு பிடித்தமும் தனி வரியில். 'இதர பிடித்தம்' என்று ஒரே வரியில் போட்டால் அடுத்த நாள் கணக்குப் பிரிவின் வாசலில் வரிசை நிற்கும். நேரத்தைத் தொட்டால் அந்தந்த நாளின் பதிவு திறக்கும்படி இருந்தால் பாதிக் கேள்விகள் வரவே வராது.

ஒரே போனை வீட்டில் பலர் பயன்படுத்துவார்கள். சம்பள விவரம் பூட்டுத் திரையில் தெரியாதபடி, 'பே ஸ்லிப் வந்துள்ளது' என்று மட்டும் அறிவிப்புப் போகட்டும். வேலையை விட்டுப் போனவருக்கும் பழைய சீட்டுகள் தேவைப்படும், லாகினை அன்றே மூடினாலும் அவற்றைக் கேட்டுப் பெற ஒரு வழி வையுங்கள்.

9. ஒவ்வொரு சுழற்சியிலும் இதே வரிசையில் செய்யுங்கள்

முதலில் சேர்ந்தவர், விலகியவர், விகிதம் மாறியவர். அடுத்து ஒப்புதல் ஆகாத நேரங்களை முடித்து, வருகையைப் பூட்டுங்கள். பூட்டியபின்தான் கணக்கை ஓட்ட வேண்டும், ஓட்டும்போதே திருத்தங்கள் வந்துகொண்டிருந்தால் எந்தப் பதிப்பில் பணம் போனது என்று பின்னால் சொல்ல முடியாது.

கணக்கு வந்ததும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியவை: போன முறையைவிட நிகரச் சம்பளம் வெகுவாக மாறியவர்கள், ஒரு பஞ்ச்கூட இல்லாமல் முழுச் சம்பளம் வாங்குபவர்கள், ஒரே வங்கிக் கணக்கில் இருக்கும் இரண்டு பெயர்கள், இந்தச் சுழற்சியில் கணக்கு எண் மாறியவர்கள். தலை எண்ணிக்கையை மேற்பார்வையாளர்களிடம் தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். இல்லாத ஆளுக்குச் சம்பளம் போவதை எந்த ஆப்பும் தானாகக் கண்டுபிடிக்காது.

வங்கிக் கோப்பின் மொத்தம், பட்டியலின் நிகர மொத்தத்தோடு கடைசிக் காசு வரை பொருந்த வேண்டும். கணக்கை ஓட்டியவரும் பணத்தை விடுவிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பணம் போன மறுநாள், வங்கி திருப்பி அனுப்பிய கொடுப்பனவுகளைப் பாருங்கள். அந்தப் பெயர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர்களாக வந்து கேட்கும்வரை விட வேண்டாம்.

கடைசியாக, எல்லாம் முடிந்ததும் சம்பளப் பட்டியல், திருத்தப் பதிவோடு கூடிய வருகை, வங்கிக் கோப்பு மூன்றையும் ஆப்பிலிருந்து இறக்கி உங்கள் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். விற்பனையாளரோடு ஒப்பந்தம் முடிந்தாலும், அவர் தொழிலையே மூடினாலும், நான்கு ஆண்டுக்குப் பின் ஒரு பணியாளர் தன் ஓவர்டைமைக் கேட்டு வந்தால் உங்களிடம் அந்தப் பதிவு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், முதல் படியில் எழுதிய சட்டப் பட்டியலிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.